வாக்-க்கு பதிலா வேற என்ன போடலாம்? ஹோம்ஸ்டே நோட்டீஸ் எழுதணும், இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வாங்க

மலைப்பூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொடைக்கானல், பூம்பாறை பக்கம். மாமா வீட்டு மாடில ரெண்டு ரூம் கட்டி ஹோம்ஸ்டே ஆரம்பிச்சிருக்காரு, சீசனுக்குள்ள ரூம்ல வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ் வேணும், எங்கெங்க நடந்து போலாம் என்ன பாக்கலாம்னு. மாமாவே உக்காந்து எழுதிட்டாரு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வரிக்கு வரி வாக் வாக்னு வருதேன்னு என் தம்பி போன்ல சினானிம்ஸ் லிஸ்ட்ட தேடி எடுத்து ஒவ்வொரு வாக்கையும் ஒரு ஒரு வார்த்தையா மாத்தி விட்டுட்டான். இப்ப இப்படி நிக்குது, படிச்சுப் பாருங்க:

"இன் தி மார்னிங் யூ கேன் லாய்ட்டர் அரவுண்ட் தி லேக்."
"ஸ்ட்ரட் அலாங் கோக்கர்ஸ் வாக் அண்ட் என்ஜாய் தி மிஸ்ட்."
"ட்ரட்ஜ் ஹாப்பிலி டு டால்ஃபின்ஸ் நோஸ்."
"இன் தி ஈவ்னிங் ப்ரௌல் இன் அவர் கார்லிக் ஃபீல்ட்ஸ்."
"அவர் ஸ்டாஃப் வில் ஸ்டாக் யூ டு தி வில்லேஜ் டெம்பிள்."
"ஆல் ப்ளேசஸ் கேன் பி ரீச்ட் பை வாக்."

எங்கயோ இடிக்குதுன்னு மட்டும் தெரியுது, எங்கன்னு சொல்லத் தெரியல. டிக்ஷனரில பாத்தா எல்லாத்துக்கும் நட, மெதுவா நட, ஒரு மாதிரி நடன்னுதான் போட்டிருக்கு. எதை எங்க போடணும்னு யாராச்சும் சொல்லுங்க, மாமா பிரிண்ட் கடைக்குப் போறேன்னு நிக்கிறாரு.

பெருமாள்மலை பைக்கர்:
ஐயோ சாமி சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. முதல்ல மாமாவ பிடிச்சு நிறுத்துங்க. அந்த கோயில் வரியோட பிரிண்ட் போட்டீங்கன்னா கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வந்துரும். ஸ்டாக்னா ஒருத்தர விடாம பின்தொடர்றது, அதுலயும் பொண்ணுங்க பின்னாடி சுத்துறது. 2013ல கிரிமினல் சட்டத்தத் திருத்தி அதை ஒரு தனிக் குற்றமாவே சேத்தாங்க. உங்க ஸ்டாஃப்தான் பாவம், குழந்தை வேலப்பர் கோயிலக் காட்டக் கூட்டிட்டுப் போனதுக்கு உள்ள போக வேண்டியதுதான். மத்ததுக்கு விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க, நான் வேடிக்கை பாக்க உக்காந்துட்டேன்.

கோத்தகிரி டீச்சர்:
மலைப்பூண்டு கண்ணு, உன் தம்பி மேல தப்பு சொல்ல மாட்டேன், லிஸ்ட்டு அப்படித்தான் இருக்கும், எல்லாம் ஒரே சாதிங்கற மாதிரி கமா போட்டு வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஒன்பதாவது பத்தாவது பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. நடக்கறது எல்லாருக்கும் கால்லதான், ஆனா யார் நடக்கறாங்க, எந்தத் தரையில, என்ன மனசோட, அதை எழுதறவனுக்குப் பிடிச்சிருக்கா இல்லையா, இவ்வளவும் அந்த ஒத்த வினைக்குள்ள உக்காந்திருக்கும். லிஸ்ட்டுல அது மட்டும்தான் இருக்காது.

லாய்ட்டர எடுத்துக்கோ. பஸ் ஸ்டாண்டுலயும் ஆபீஸ் காம்பவுண்டுலயும் "நோ லாய்ட்டரிங்"னு போர்டு பாத்திருப்ப. வேலை இல்லாம ஒரு இடத்துலயே நின்னுக்கிட்டு, கொஞ்சம் நகந்துக்கிட்டு, பாக்கறவனுக்கு இவன் எதுக்கு இங்க நிக்கிறான்னு சந்தேகம் வர்ற மாதிரி இருக்கறதுதான் அது. காசு குடுத்துத் தங்க வந்தவங்கள லேக்க சுத்தி லாய்ட்டர் பண்ணச் சொல்லாத. லேக்குக்கு ஸ்ட்ரோல்தான். சுத்தி வந்தா சுமார் அஞ்சு கிலோமீட்டர், சமமான ரோடு, அவசரம் கிடையாது, நடுவுல நின்னு சோளம் வாங்கித் திங்கலாம், அதுக்குன்னே வெச்ச வார்த்தை. சான்ட்டர்னும் போடலாம், ஆனா அதுல கொஞ்சம் ஒய்யாரம் இருக்கு, கை வீசிக்கிட்டு உலகத்துல ஒரு கவலையும் இல்லாத மாதிரி போறது. லேட்டா வந்த பையன் வகுப்புக்குள்ள சான்ட்டர் பண்ணிட்டு வந்தான்னு எழுதினா எனக்குக் கோவம் வந்துருச்சுன்னு அர்த்தம். ஸ்ட்ரோல் பண்ணிட்டு வந்தான்னாலும் கோவம்தான், ஆனா சான்ட்டர்ல அவன் மூஞ்சியும் சேத்துத் தெரியும்.

ப்ரௌல் சிறுத்தைக்கு. எங்க கோத்தகிரில ராத்திரி நாய் காணாமப் போச்சுன்னா அன்னைக்கு ப்ரௌல் நடந்திருக்குன்னு அர்த்தம். இரை தேடிப் பதுங்கிப் பதுங்கித் திரியறது, இல்லன்னா திருடன் வீட்டச் சுத்தி நோட்டம் விடறது. உங்க பூண்டுத் தோட்டத்துல சாயங்காலம் கெஸ்ட் ப்ரௌல் பண்ணா பூண்டு மிச்சம் இருக்காது, 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு வேற. அங்க வான்டர் போடு. வழி இப்படித்தான்னு இல்லாம தோணின பக்கமெல்லாம் போறது. படிக்கட்டு வயல் வரப்புல அப்படித்தான நடப்பாங்க.

மிருகத்த வெச்சு சொன்னா எங்க பசங்களுக்குச் சட்டுனு பிடிபடும், அதனால இதையும் சொல்லிடறேன். காட்டெருமை டீ எஸ்டேட்டுக்குள்ள இருந்து வெளிய வந்து ரோட்ட கிராஸ் பண்ணும் பாரு, ரெண்டு பக்கமும் வண்டி நின்னு ஹாரன் அடிச்சாலும் கண்டுக்காம, அது ஆம்பிள். முதல்ல குதிரையோட ஒரு நடைக்குத்தான் இங்கிலீஷ்ல அந்தப் பேரு, லத்தீன் ஆம்புலாரே வழியா பிரெஞ்சுக்கு வந்து அங்கருந்து வந்தது, ஆம்புலன்ஸும் அந்த வேர்தான். கரடி நடக்கறது ஷாம்பிள், பாதத்த சரியா தூக்காம உடம்ப ஆட்டி ஆட்டி. யானை லம்பர், கனம் தெரியணும். மயிலும் சேவலும் ஸ்ட்ரட், நெஞ்ச நிமித்தி என்னப் பாருன்னு போறது. கோக்கர்ஸ் வாக்ல மூடுபனில யாரு யாரப் பாக்கறது, ஸ்ட்ரட் பண்றது வேஸ்ட்.

ட்ரட்ஜ் ஹாப்பிலி சேரவே சேராது. ட்ரட்ஜ்னா அசந்துபோய், சேறோ சரிவோ சுமையோ இருந்து, போகணுமேன்னு போறது. விறகுக்கட்டோட மேடேறி வர்ற அம்மா ட்ரட்ஜ் பண்றாங்க. அதுக்குப் பக்கத்து வார்த்தை ப்ளாட், அதுல சலிப்பு குறைவு, மெதுவா ஒரே சீரா விடாம போறது தெரியும். படிப்பு மந்தமா இருந்தாலும் விடாம எழுதற பிள்ளைய நான் ப்ளாடர்னு ரிப்போர்ட்ல எழுதுவேன், பெத்தவங்களுக்குப் புரியாது, நல்லதாப் போச்சு.

டால்ஃபின்ஸ் நோஸுக்கு வட்டக்கானல்லருந்து கீழ இறங்கணும், மரத்து வேரெல்லாம் படிக்கட்டா நிக்கும், திரும்பி வர்றப்பதான் மூச்சு வாங்கும். அங்க ஹைக்னு போடு, திரும்பறப்ப ஸ்டீப் க்ளைம்ப்னும் சேத்துப் போடு. முட்டி வலிக்காரங்க ஸ்ட்ரோல்ங்கற வார்த்தைய நம்பி இறங்கிட்டா யாரு தூக்கிட்டு வர்றது? நோட்டீஸ்ல இருக்கற வினையப் பாத்துத்தான் எந்த ஷூ போடறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

குன்னூர் குளிரு:
டீச்சர் சொன்னதுல எல்லாம் சரி. ஒண்ணு மட்டும், எங்க குன்னூர்லயும் ஒரு டால்ஃபின்ஸ் நோஸ் இருக்கு, அதுக்கு காரே போகும், அதனால ஊர் பேரையும் சேத்துப் போடுங்க, கூகுள நம்பி வேற மலைக்குப் போயிடப் போறாங்க.

நான் சொல்ல வந்தது ட்ரெக் பத்தி. இன்னும் உங்க நோட்டீஸ்ல அது வரல, ஆனா எப்படியும் மாமா கேப்பாரு பாருங்க, ட்ரெக்கிங்னு போட்டாதான் பசங்க வருவாங்கன்னு. நம்ம ஊர்ல ரெண்டு மணி நேரம் மேட்டுல ஏறி இறங்கினாலே ட்ரெக்கிங்தான். வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்படி இல்ல. நேபாளம் போயிட்டு வந்தவங்ககிட்ட ட்ரெக்னா முதுகுல பை, நாள் கணக்கு, ஊரு ஊரா தங்கிப் போறது. அந்த வார்த்தையே தென்னாப்பிரிக்காவுல டச்சு வழி வந்தவங்களோட ஆப்பிரிகான்ஸ் மொழிலருந்து வந்தது, இழுக்கறதுன்னு அர்த்தம், 1830கள்ல குடும்பத்தோட மாட்டு வண்டி கட்டிக்கிட்டு உள்நாட்டுக்குப் போனாங்களே அதத்தான் கிரேட் ட்ரெக்ங்கறாங்க. அந்தப் பாரம் இன்னும் வார்த்தைல இருக்கு. அமெரிக்காக்காரன் ஒரு நாள்ல மலையில நடந்துட்டு வந்தா ஹைக்ங்கறான். இங்கிலாந்துக்காரன் அதையே சும்மா வாக்னு சொல்லிடுவான், நாள் பூரா மழையில மலையேறி முட்டி பேத்துட்டு வந்து உக்காந்து "வீ வென்ட் ஃபார் எ வாக்"னு சொல்ற ஆளுங்கள எங்க எஸ்டேட் பங்களால பாத்திருக்கேன். அவங்களுக்கு ராம்பிள்னு இன்னொண்ணும் பிடிக்கும், வயல் காடு வழியா சாவகாசமா போறது, அங்க அதுக்குன்னே 1935லருந்து ராம்பிளர்ஸ்னு பெரிய சங்கம் இருக்கு. ஆனா பேச்சுல ராம்பிள் பண்ணாருன்னா சம்பந்தா சம்பந்தமில்லாம இழுத்தாருன்னு அர்த்தம், எங்க மேனேஜர் மீட்டிங் ஞாபகம் வருது.

இன்னொரு காரணமும் இருக்கு. ட்ரெக்னு எழுதினா காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறீங்கன்னு வனத்துறை எடுத்துக்கும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீக்கு அப்பறம் அதுல ரொம்ப கெடுபிடி. 2024 அக்டோபர்ல அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை அறிவிச்சு ஈஸி, மாடரேட், டஃப்னு பிரிச்சு ஆன்லைன்ல புக்கிங் வெச்சிருக்காங்க. அந்த மாதிரி பாதைக்கு மட்டும் ட்ரெக்னு போடுங்க, உங்க வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்தச் சுத்தி வர்றத வில்லேஜ் வாக்னு போடுங்க. வார்த்தை சின்னதா இருந்தா வம்பும் சின்னதா இருக்கும்.

மலைப்பூண்டு:
டீச்சர் ரொம்ப நன்றி, குளிரு அண்ணே உங்களுக்கும். மாமாகிட்ட கரடி காட்டெருமை எல்லாம் சொன்னேன், அவருக்கு ஷாம்பிள் பிடிச்சுப்போச்சு, சித்தப்பா நடக்கறது அதுதான்னாரு. இன்னும் ரெண்டு டவுட்டு. ஒண்ணு, கடைசி வரில பை வாக்னு இருக்கே அது சரிதானே, எல்லாரும் அப்படித்தான சொல்றோம், பை பஸ் பை ட்ரெய்ன் மாதிரி. ரெண்டாவது, மாமா முதல்ல எழுதினதுல "அவர் கைட் வாக்ஸ் ஃபாஸ்ட்லி, ப்ளீஸ் டெல் ஹிம் டு வாக் ஸ்லோலி ஸ்லோலி"ன்னு ஒரு வரி இருக்கு. எங்க கைட் அண்ணன் விறுவிறுன்னு போயிடுவாரு, கெஸ்ட் எல்லாம் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருவாங்க, அதுக்காக எழுதினது. இந்த விறுவிறுவ எப்படி சொல்றது?

மொழிப்பைத்தியம்:
இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மாமா எழுதின அந்த வரில மாட்டிக்கிட்டிருக்கறது மொத்த விஷயமும். தமிழ்ல நாம நடங்கற வினைய அப்படியே வெச்சுக்கிட்டு எப்படிங்கறத முன்னாடி ஒட்டுவோம். விறுவிறுன்னு நடந்தான், விந்தி விந்தி நடந்தான், கால இழுத்து இழுத்து நடந்தான், அடிமேல அடி வெச்சு நடந்தான், ஆடி அசைஞ்சு நடந்தான், தத்தித் தத்தி நடந்துச்சு. இரட்டைக்கிளவி, அடுக்கு, பாதி வினை எல்லாம் நம்மகிட்ட கொட்டிக் கிடக்கு. இங்கிலீஷ்காரன் அந்த முன்னொட்ட வினைக்குள்ளயே அடைச்சுடுவான். விறுவிறுன்னு நீள நீளமா அடி வெச்சா ஸ்ட்ரைட். விந்தி விந்தின்னா லிம்ப். இழுத்து இழுத்துன்னா ஷஃபிள். சத்தமில்லாம நுனிக்கால்லன்னா டிப்டோ. தத்தித் தத்தின்னா டாட்ல், அதான் சின்னப்பிள்ளைய டாட்லர்ங்கறாங்க. தள்ளாடினா ஸ்டாகர். ஓடைத்தண்ணிக்குள்ள முழங்கால் நனைய நடந்தா வேட். நாம தமிழ்ல யோசிச்சு அப்படியே எழுதறதாலதான் வாக் கூட ஃபாஸ்ட்லியும் ஸ்லோலி ஸ்லோலியும் ஒட்டிக்கிட்டு வருது. ஃபாஸ்ட்லின்னு ஒரு வார்த்தை இன்னைக்கு இங்கிலீஷ்ல யாரும் எழுதறதில்ல, வாக்ஸ் ஃபாஸ்ட் அவ்வளவுதான், ஸ்லோலி ஒரு தடவ போதும்.

அடுத்தது திசை. "நொண்டிக்கிட்டே மலை இறங்கி வந்தான்"னு சொல்றோம், நொண்டறது ஒரு வினை, இறங்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. இங்கிலீஷ்ல "ஹி லிம்ப்ட் டவுன் தி ஹில்", ஒரே வினை, இறக்கத்த டவுன்ங்கற குட்டி வார்த்தை பாத்துக்கும். லெனர்ட் டால்மின்னு ஒரு மொழியியல்காரர் உலகத்து மொழிகள இந்தக் கணக்குலதான் ரெண்டா பிரிச்சாரு, நடைய வினைல வைக்கறது ஒரு கூட்டம், திசைய வினைல வைக்கறது இன்னொரு கூட்டம். நாம பெரும்பாலும் ரெண்டாவது பக்கம், ஏறு இறங்கு நுழை கடன்னு. அதுக்காக தமிழ்ல ஒத்த வினையே இல்லன்னு நினைச்சுடாதீங்க, உலாத்து, தவழ், ஊர், நொண்டு, பதுங்கு எல்லாம் இருக்கே. உலாத்துறதுக்கும் ஸ்ட்ரோலுக்கும் அருமையாப் பொருந்தும், ஆனா வாசல்ல அப்பா உலாத்திக்கிட்டிருந்தாருன்னா சில நேரம் அது பேஸ், கவலையில இங்கயும் அங்கயும் நடக்கறது.

வாக்குக்கே பழைய இங்கிலீஷ்ல உருள், புரளுங்கற அர்த்தம்தான், நடக்கறதுங்கறது அப்பறம் வந்தது. துணிய மிதிச்சு கெட்டியாக்கறவங்களுக்கு வாக்கர்னு பேரு, அதுலருந்துதான் வாக்கர்ங்கற குடும்பப் பேரே. நடக்கற ஆள்னு நினைச்சுக்கிட்டிருந்தா தப்பு.

பை வாக் நம்ம ஊர் இங்கிலீஷ், வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. ஆன் ஃபுட். பை பஸ், பை ட்ரெய்ன், ஆனா ஆன் ஃபுட். ஸ்டாக்குக்கு பதிலா வாக்கையே போடலாம், "அவர் ஸ்டாஃப் வில் வாக் யூ டு தி டெம்பிள்", கூட நடந்து கொண்டுபோய் விடுவாங்கன்னு அர்த்தம். நாயவும் வாக் பண்ணலாம் மனுசனவும் வாக் பண்ணலாம், இது தமிழ்ல நட வெச்சு வராது, நடத்துன்னா மெஸ் நடத்தறதுதான் ஞாபகம் வரும்.

கோத்தகிரி டீச்சர்:
மொழிப்பைத்தியம் சொன்னது அழகா இருக்கு, ஆனா அதப் படிச்சுட்டு எல்லா வாக்கையும் ஸ்ட்ரைடும் டாட்லுமா மாத்திடாத கண்ணு, மறுபடி தம்பி லிஸ்ட்டுக்கே போயிருவோம். வாக் திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணும் குறையில்ல. படிக்கிறவங்க கண்ணு அதத் தாண்டிப் போயிடும், நடுவுல ஒரு ஸ்ட்ரட் வந்தாதான் தடுக்கி விழுவாங்க. மாத்தறதால புதுசா ஒரு விவரம் கிடைச்சா மாத்து, சமமான ரோடா சரிவா, நேரமாகுமா ஆகாதா, தனியாப் போலாமா கூடாதா. இல்லன்னா விட்டுரு. கோக்கர்ஸ் வாக் பேருலயே வாக் இருக்கு, அங்க அது நடக்கறதுக்குன்னு போட்ட பாதைங்கற அர்த்தத்துல வர்ற பெயர்ச்சொல். 1872ல கோக்கர்னு ஒரு லெப்டினன்ட் மலை விளிம்புல ஒரு கிலோமீட்டருக்குப் போட்ட பாதை. வாக் அலாங் கோக்கர்ஸ் வாக்னு எழுதினா காதுக்கு இடிக்கும், அங்க மட்டும் டேக் எ ஸ்ட்ரோல்னு போட்டுக்கோ.

குன்னூர் குளிரு:
டீச்சர் இதுல ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் இந்த மலையில ஸ்ட்ரோலுக்கு பாதை போட்டான், ஆனா காட் ரோடு வர்றதுக்கு முன்னாடி அவன் கொடைக்கானலுக்கு ஏறினது எப்படி? பெரியகுளம் பக்கம் அடிவாரத்துலருந்து குதிரையிலயும் டோலியிலயும். டோலில உக்காந்தவனுக்கு அது ஜர்னி, தூக்கினவனுக்கு ட்ரட்ஜ். ஒரே பாதை, ஒரே நேரம், வினை வேற.

பெருமாள்மலை பைக்கர்:
அண்ணே செம. எனக்கு ஒரு கேள்வி. தைப்பூசத்துக்கு செட்டிநாட்டுலருந்து காவடி எடுத்து பழனிக்கு நடந்து வர்றாங்கல்ல, இங்கிலீஷ் பேப்பர்ல டிவோட்டீஸ் ட்ரெக் டு பழனின்னு போடறான். அது சரியா? ட்ரட்ஜ்னு போட்டா அடிப்பாங்களா?

கோத்தகிரி டீச்சர்:
ட்ரட்ஜ் போட்டா நானே அடிப்பேன். கால் கொப்புளம் வந்தாலும் அவங்க விரும்பிப் போறாங்க, அந்த வார்த்தைல விருப்பம் கிடையாது. ட்ரெக் பேப்பர்காரனுக்கு இடம் மிச்சம் ஆகுதுன்னு போடறான், நாள் கணக்கு தூரம்ங்கறதால தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா ஏதோ அட்வென்ச்சர் கேம்ப் மாதிரி ஒலிக்குது. நானா இருந்தா "தே வாக் டு பழனி"ன்னு எழுதுவேன். எந்த ஊர்லருந்துன்னு சேத்துட்டா போதும், மிச்சத்த அந்த தூரமே சொல்லிடும்.

மலைப்பூண்டு:
மாத்திட்டேன், கடைசியா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, மாமா வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

"தி பாத் அரவுண்ட் தி லேக் இஸ் லெவல், அபவுட் ஃபைவ் கிலோமீட்டர்ஸ், குட் ஃபார் எ மார்னிங் ஸ்ட்ரோல்."
"டேக் எ ஸ்ட்ரோல் அலாங் கோக்கர்ஸ் வாக் பிஃபோர் தி மிஸ்ட் கம்ஸ் அப்."
"தி ஹைக் டவுன் டு டால்ஃபின்ஸ் நோஸ், கொடைக்கானல், இஸ் ஸ்டீப், அண்ட் தி க்ளைம்ப் பேக் இஸ் ஹார்டர். வேர் ஷூஸ்."
"வான்டர் த்ரூ அவர் கார்லிக் டெரசஸ். ப்ளீஸ் டோன்ட் ஸ்டெப் ஆன் தி பெட்ஸ்."
"அவர் ஸ்டாஃப் வில் வாக் யூ டு தி டெம்பிள்."
"அவர் கைட் வாக்ஸ் ஃபாஸ்ட். டெல் ஹிம் டு ஸ்லோ டவுன், ஹி வோன்ட் மைண்ட்."

லேக் வீட்டுலருந்து தூரம்கறதால ஆன் ஃபுட் வரிய எடுத்துட்டேன், பஸ் டைம் போட்டுட்டேன்.

மொழிப்பைத்தியம்:
ஸ்ட்ரோல் ரெண்டு தடவ வருது, டீச்சர் கணக்குல அது பரவால்ல. பிரிண்ட் போடச் சொல்லுங்க. சித்தப்பா ஷாம்பிள் பண்றத மட்டும் நோட்டீஸ்ல சேத்துறாதீங்க.